நலம் திரும்பும் வேளையில் வரும் காய்ச்சல்

"சாமி, மாத்திரை போடறதுக்கு முன்னால நல்லாத்தானே இருந்தேன்? போட்ட பிறகுதானே இப்படி ஆச்சு?"

2006ஆம் ஆண்டில், நோயாளிகளைச் சந்திக்கச் சென்றிருந்தபோது, ஒரு தையற்காரர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருக்குக் காசநோயும் எச்.ஐ.வி. தொற்றும் இருந்தன. காசநோய்க்கு இரண்டு மாதம் மருந்துண்டு, உடல் தேறி, பசியெடுத்து, மீண்டும் தையல் இயந்திரத்தின் முன் அமரத் தொடங்கியிருந்தார். அந்நிலையில்தான் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தும் தொடங்கப்பெற்றது. மூன்றாம் வாரம் கழுத்தில் நெறி கட்டியது. நம் முன்னோர் கண்டமாலை என்றழைத்த அதே வீக்கம். மாலைதோறும் காய்ச்சல் வந்தது. இறங்கியிருந்த இருமல் திரும்பியது. நான் மருத்துவன் அல்லேன். "ஆஸ்பத்திரியில் போய்க் காட்டுங்கள்" என்று சொல்லி, செபித்து, ஆசி கூறித் திரும்பிவிட்டேன்.

அவருடைய கேள்விக்கு விடை அன்றே இருந்தது என்பதையும், அவ்விடையைக் கண்டறிவதற்கு மருத்துவ உலகம் ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் செலவிட்டிருந்தது என்பதையும் பின்னர்தான் படித்தறிந்தேன். அந்த வரலாற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். காய்ச்சலும் வீக்கமும் சீழும் வலியும் கிருமிகள் செய்கின்ற வேலை என்றே நாம் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். கிருமியை எதிர்த்து நம் உடல் செய்கின்ற வேலையே பெரும்பாலும் காய்ச்சலாகவும் வீக்கமாகவும் வெளிப்படுகிறது. நாய் குரைக்காத வீட்டில் திருடன் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? நாயே இல்லாத வீடாகவும் இருக்கலாம் அல்லவா? எச்.ஐ.வி. முற்றிய நிலையில் உள்ள உடல் அத்தகைய வீடு. சி.டி.4 எனப்படும் வெள்ளணுக்கள், நலமுள்ள ஒருவரின் இரத்தத்தில் ஒரு கனமில்லிமீட்டருக்கு 500க்குக் குறையாமல் இருக்கும். எய்ட்ஸ் நிலையில் அவை 50க்கும் கீழே போய்விடுவதுண்டு. அப்போது காசநோய்க் கிருமி உடலெங்கும் பரவியிருந்தாலும் மார்புப் படத்தில் அதன் தடம் மங்கலாகவே தெரியும். கையில் ஊசியிட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனையும், தடிப்பு ஏதும் இன்றி, நோயே இல்லாததுபோல் பொய் சொல்லும். உடல் அமைதியாக இருப்பதாகத் தோன்றும்; அது எதிர்க்கும் ஆற்றல் இழந்தவனின் அமைதி.

இனி, வைரசை அடக்கும் மருந்து தரப்படுகிறது. சில வாரங்களில் வைரசின் அளவு சரிகிறது. வெள்ளணுக்கள் ஏறத் தொடங்குகின்றன. விழித்துக்கொண்ட உடல் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறது. மூலைமுடுக்கெல்லாம் கிருமிகள், சில உயிரோடு, சில மருந்தினால் ஏற்கெனவே செத்துக் கிடப்பவை. இரண்டையும் வேறுபடுத்தி அறிய அதற்குப் பொறுமையில்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றின் மீதும் பாய்கிறது. கணுக்கள் வீங்குகின்றன; நுரையீரலில் நீர் கோக்கிறது; காய்ச்சல் கொதிக்கிறது. குணமாகத் தொடங்கியவர், குணமாகத் தொடங்கியதாலேயே, படுக்கையில் விழுகிறார்.

இதை முதன்முதலில் கண்டது எய்ட்ஸ் காலம் என்று சொல்வதற்கில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் வந்தபின், காசநோய்க்கு நல்ல மருந்துகள் தரப்பட்ட 1950களிலேயே, சிகிச்சை சரியாக நடந்துகொண்டிருக்கும்போது சிலருக்குக் கழுத்துக் கணுக்கள் பெருப்பதை மருத்துவர்கள் கவனித்தனர். முரண் விளைவு என்ற பொருளில் அதற்குப் பெயரும் இட்டனர். தொழுநோயாளரிடையே பணியாற்றிய அருட்சகோதரிகளுக்கோ இது கண்கூடாகப் பழகிய செய்தி. மருந்தை ஒழுங்காக உண்டுவரும் தொழுநோயாளிக்குத் திடீரெனத் தேமல்கள் சிவந்து தடித்து, நரம்புகள் வீங்கி, ஓர் இரவிலேயே கை விரல்கள் மடங்கிப் போவதும் உண்டு. கிருமி பெருகியதால் அன்று, கிருமியின் மீது உடல் கொண்ட சினம் மிகுந்ததால் நேர்வது அது. பல மருந்துக் கூட்டுச் சிகிச்சையை உலக நலவாழ்வு நிறுவனம் 1982இல் பரிந்துரைத்தபின், மருந்தை நிறுத்தாமலே இந்த எதிர்வினையைப் பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு கொண்டு தணிப்பதும், நோயாளிக்கு அதை முன்கூட்டியே எடுத்துரைப்பதும் தொழுநோய் மருத்துவத்தின் இன்றியமையாத பகுதிகளாயின. தொழுநோய் இல்லங்களில் பல்லாண்டு கற்ற இப்பாடம், எய்ட்ஸ் வார்டுகளுக்கு வந்து சேர ஏன் இத்தனை காலம் பிடித்தது என்று நான் வியந்ததுண்டு. ஒரு நோயின் மருத்துவர்கள் மற்றொரு நோயின் ஏடுகளைப் படிப்பதில்லை போலும். மறைநூல் வல்லுநரும் திருச்சபைச் சட்ட வல்லுநரும் ஒருவர் நூலை ஒருவர் படிக்காத கதையை நாங்கள் குருமடத்தில் கண்டதில்லையா?

எய்ட்ஸின் கதை 1981ஆம் ஆண்டு ஜூன் 5 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஐந்து இளைஞர்களைப் பற்றிய சிறு அறிக்கையோடு தொடங்குகிறது. 1983இல் பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் வைரஸ் கண்டறியப்பட்டது. 1987இல் சிடோவுடின் என்னும் முதல் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தனித்து நின்ற அம்மருந்தின் பயன் சில மாதங்களே நீடித்தது. வைரஸ் அதற்கு விரைவில் பழகிவிட்டது. எனினும் அந்தச் சில மாதங்களில் உடலின் எதிர்ப்பாற்றல் சற்றே தலைதூக்கியது. அதைக் கூர்ந்து கண்டவர், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பணியாற்றிய மார்ட்டின் ஃபிரெஞ்ச் என்னும் மருத்துவர். எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றிய நோயாளிகள் சிலர் சிடோவுடின் தொடங்கிய சிறிது காலத்தில் காய்ச்சலுற்றனர். காசநோய்க் கிருமியின் உறவுக்காரனான மற்றொரு மைக்கோபாக்டீரியா, அவர்களுடைய உடலில் ஓரிடத்தில் கட்டியாகத் திரண்டது. வழக்கமாக எய்ட்ஸ் நோயாளிகளிடம் அது இரத்தமெங்கும் பரவுமேயன்றிக் கட்டியாகத் திரளாது. தோல் சோதனை செய்து பார்த்தபோது, முன்பு வெறுமையாக இருந்த தோலில் இப்போது தடிப்பு எழுந்தது. உடல் தன் பழைய பகைவனை அடையாளம் கண்டுகொண்டுவிட்டது! ஃபிரெஞ்சும் அவருடைய தோழர்களும் 1992இல் இதை எழுதி வெளியிட்டனர். அன்று அது அதிகம் பேரின் கவனத்தைக் கவரவில்லை. மருந்தே வலுவற்றதாக இருக்கும்போது, மருந்தின் வெற்றியால் வரும் தொல்லையைப் பற்றி யார் கவலைப்படுவார்?

1996 ஜூலையில் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிய பன்னாட்டு எய்ட்ஸ் மாநாட்டில் நிலைமை மாறியது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரசை நீண்ட காலம் அடக்கிவைக்கலாம் என்ற செய்தி அங்கே உறுதிப்பட்டது. 1997இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் மரணங்கள் முந்தைய ஆண்டைவிட நாற்பது விழுக்காட்டுக்கும் மேலாகக் குறைந்தன. தம் பொருள்களை நண்பர்களுக்குப் பகிர்ந்தளித்துவிட்டுச் சாவுக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போயினர். மருத்துவர்களும் பத்திரிகையாளர்களும் இதற்கு லாசருவின் பெயரைச் சூட்டினர். பொருத்தமான பெயர்தான், அவர்கள் எண்ணியதைவிடவும் பொருத்தமானது. யோவான் நற்செய்தியில் லாசரு கல்லறையிலிருந்து உயிரோடு வெளிவரும்போது, கையும் காலும் துணியால் கட்டுண்டவராகவே வருகிறார். கட்டுகளை அவிழ்க்கும் பணி சுற்றி நின்றவர்களுக்கு விடப்படுகிறது.

அக்கட்டுகள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. 1997இல், புதிய கூட்டு மருந்தைத் தொடங்கிச் சில வாரங்களே ஆன நோயாளிகளுக்கு, சைட்டோமெகாலோ என்னும் வைரசால் விழித்திரை நோய் தோன்றியதாக ஓர் அறிக்கை வந்தது. வெள்ளணுக்கள் மிகக் குறைந்தவர்களுக்கே வரும் என்று கருதப்பட்ட நோய் அது. இவர்களுக்கோ அணுக்கள் ஏறியிருந்தன. பழைய விழித்திரை நோய் ஆறிப்போயிருந்த வேறு சிலருடைய கண்கள், எதிர்ப்பாற்றல் திரும்பியபின் சிவந்து கலங்கிப் பார்வை குன்றின. 1998இல் மியாமி நகரிலிருந்து வந்த ஆய்வு காசநோயைப் பற்றியது. காசநோய் மருந்தோடு எச்.ஐ.வி. கூட்டு மருந்தும் பெற்ற 33 பேரில் 12 பேருக்கு நோய் இடையில் மோசமானது. அதாவது மூன்றில் ஒருவருக்கும் மேல். கூட்டு மருந்து இல்லாக் காலத்தில் காசநோய்ச் சிகிச்சை பெற்ற எச்.ஐ.வி. நோயாளிகள் 28 பேரில் இருவருக்கும், எச்.ஐ.வி. இல்லாத காசநோயாளிகள் 55 பேரில் ஒருவருக்கும் மட்டுமே அவ்வாறு நேர்ந்தது. மோசமானவர்களின் கைகளில் மாண்டூ சோதனை செய்தபோது, முன்பு ஒன்றுமில்லாத இடத்தில் பெரிய தடிப்புகள் கண்டன. பெர்த் நகரில் ஆறு ஆண்டுகளுக்கு முன் கண்ட அதே காட்சி.

பெயரிடும் வேலை மட்டும் எஞ்சியிருந்தது. எதிர்ப்பாற்றல் மீட்பு நோய் என்றார் ஃபிரெஞ்ச். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் சாமுவேல் ஷெல்பர்னும் உடன் பணியாளரும் 2002இல் எழுதிய விரிவான கட்டுரையில், எதிர்ப்பாற்றல் மீள்வதால் விளையும் அழற்சித் தொகுதி என்ற பொருள்படும் ஆங்கிலப் பெயர் நிலைபெற்றது. அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'ஐரிஸ்' என்று வரும். இன்று மருத்துவமனைகளில் வழங்குவது இந்தச் சுருக்கப் பெயரே. இதற்கு இரு முகங்கள் உண்டு. முன்னரே கண்டறிந்து மருந்து தரப்பட்டுவரும் நோய் திடீரென மோசமாவது ஒன்று. மறைந்து கிடந்து, எவருக்கும் தெரியாதிருந்த நோய், எதிர்ப்பாற்றல் எழுந்ததும் முகமூடி கழன்று வெளிப்படுவது மற்றொன்று. நம் தையற்காரருக்கு நேர்ந்தது முதல் வகை.

பெயர் கிடைத்தது செல்வ நாடுகளில். ஆனால் நோயாளிகள் பெருவாரியாக இருந்தது ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும். அங்கே காசநோய்தான் எய்ட்ஸின் முதன்மைத் துணைவன். அவர்களுக்கு மருந்து எட்டாக்கனியாக இருந்தது. 2001 பெப்ருவரியில் இந்திய நிறுவனமான சிப்லா, மூன்று மருந்துக் கூட்டை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தபோதுதான் கதவு திறந்தது. தென்னாப்பிரிக்காவில் அந்தக் கதவை அரசே பிடித்து நிறுத்தியது என்பது வேதனையான செய்தி. எச்.ஐ.வி.தான் எய்ட்சுக்குக் காரணமா என்று குடியரசுத் தலைவர் தாபோ எம்பெக்கி ஐயம் எழுப்பினார். மருந்துகள் நஞ்சு என்றும், பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் நல்லவை என்றும் நலவாழ்வு அமைச்சர் பேசினார். பொது மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை 2004இல்தான் பரவலாகத் தொடங்கியது.

இந்தப் பின்னணியில் ஐரிஸை எண்ணிப் பாருங்கள். பல்லாண்டு காத்திருந்து, மெலிந்து, வெள்ளணுக்கள் ஐம்பதுக்கும் கீழே இறங்கியபின் ஒருவர் மருந்தைத் தொடங்குகிறார். இரண்டே வாரத்தில் மூச்சுத் திணறி விழுகிறார். மருந்து நஞ்சு என்று சொன்னவர்களுக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? சிகிச்சை தொடங்கிய முதல் மாதங்களில் நேர்ந்த மரணங்களில் பெரும்பகுதி, நோய் முற்றியபின் தாமதமாக வந்ததன் விளைவே; ஐரிஸின் பங்கு அதில் ஒரு பகுதிதான். ஆயினும் அண்டை வீட்டார் கண்ணுக்குத் தெரிவது வரிசை மட்டுமே: மாத்திரை முன்னால், மரணம் பின்னால். இதைக் கண்டுகொண்டவர்கள், 1998இல் தோன்றிய சிகிச்சைக்கான செயல் இயக்கத்தினர். மருந்துகளின் பெயர், அவை செய்யும் வேலை, அவற்றால் வரும் தொல்லை ஆகியவற்றை எழுத்தறிவு கற்பிப்பதுபோல ஊர் ஊராக மக்களுக்குக் கற்பித்தனர். அவ்வியக்கத்தின் தலைவர் சாக்கி அக்மாட், தாமே எச்.ஐ.வி. தொற்றுள்ளவராக இருந்தும், ஏழைகளுக்குப் பொது மருத்துவமனையில் கிடைக்கும்வரை தமக்கும் மருந்து வேண்டாம் என்று 2003 வரை மறுத்துவந்தார்.

கேப் டவுன் நகரின் ஜூஸ்ட் மருத்துவமனையில் கிரேம் மெயின்ட்யெஸ் என்ற மருத்துவர் இந்நோயாளிகளை நூற்றுக்கணக்கில் கண்டார். ஐரிஸுக்கென்று தனிச் சோதனை ஏதுமில்லை. இரத்தத்தில் பார்த்து, ஆம், இல்லை என்று சொல்லிவிட முடியாது. மற்றெல்லாவற்றையும் விலக்கிய பிறகே அப்பெயரைச் சூட்ட வேண்டும். ஐரிஸ் என்று கருதப்பட்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு உண்மையில் இருந்தது மருந்துக்கு அடங்காத காசநோய் என்று அவரது குழுவினர் கண்டறிந்தனர். ஆகவே, 'இது நலத்தின் அறிகுறி, கவலை வேண்டாம்' என்று நோயாளியிடம் இலகுவாகச் சொல்லிவிடுவதும் ஆபத்தே. 2006 நவம்பரில் உகாண்டாவின் கம்பாலா நகரில் கூடிய வல்லுநர்கள், விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் இல்லாத இடங்களிலும் பயன்படக்கூடிய இலக்கணத்தை வகுத்தனர். அது 2008இல் வெளியாயிற்று. காசநோய்ச் சிகிச்சையில் முதலில் தேறியிருக்க வேண்டும், எச்.ஐ.வி. மருந்து தொடங்கி மூன்று மாதங்களுக்குள் மோசமாகியிருக்க வேண்டும். வேறு காரணம் இருத்தல் கூடாது. எளிய மூன்று நிபந்தனைகள்தாம். செவிலியர்கூட ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. இறுதித் தீர்ப்பு என்ற பொருளில் நற்செய்தியில் வரும் கிரேக்கச் சொல் 'கிரிசிஸ்'. குருமடத்தில் அதைப் படித்தபோது, அது பழங்காலக் கிரேக்க மருத்துவரின் சொல்லும்கூட என்று பேராசிரியர் சொன்னார். காய்ச்சல் உச்சத்தை எட்டி, நோயாளி பிழைப்பாரா மாள்வாரா என்பது தீர்மானமாகும் நாளை அவர்கள் அப்படி அழைத்தனராம். காய்ச்சலைக் கண்டதும் அஞ்சாமல், இது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அருகிலிருந்து பார்ப்பதே அவர்களது மருத்துவத்தில் பாதி.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986இல் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா திரட்டிய குருதி மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. 2004 ஏப்ரல் 1 அன்று அரசின் இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் எட்டு மருத்துவமனைகளில் தொடங்கியபோது, அவற்றுள் ஒன்று தாம்பரம். காசநோயாளருக்கென 1928இல் எழுப்பப்பட்ட அந்தச் சானடோரியமே எய்ட்ஸ் நோயாளரின் பெரும் புகலிடமாயிற்று என்பது, இவ்விரு நோய்களின் உறவைச் சொல்லாமல் சொல்கிறது. அதே 2004ஆம் ஆண்டில், சுனிதி சாலமன் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தின் மருத்துவர்கள் தம் அனுபவத்தை வெளியிட்டனர். காசநோயும் எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்து, இந்திய நிறுவனங்கள் தயாரித்த மருந்துகளை உண்ட 144 பேரில் 11 பேருக்கு ஐரிஸ் நேர்ந்தது. எனவே தையற்காரர் என்னைக் கேட்ட அந்நாளில், விடை ஆஸ்திரேலியாவில் மட்டும் இருந்தது என்று நான் சாக்குச் சொல்ல வழியில்லை. சென்னை மருத்துவர்களே அதை எழுதி வெளியிட்டு இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி இவ்வரலாற்றின் கடினமான பகுதி. ஐரிஸ் வருமென்று தெரிந்தால், எச்.ஐ.வி. மருந்தைத் தள்ளிப்போடலாமே? காசநோயை முழுதும் முடித்துவிட்டு, கிருமிகள் செத்துக் குறைந்தபின் தொடங்கினால் இத்தொல்லை இராதே? பல மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு அப்படித்தான் செய்தனர். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 642 நோயாளிகளிடம் இது சோதிக்கப்பட்டது. காசநோய்ச் சிகிச்சை முடியும்வரை காத்திருந்தவர்களைவிட, அதன் நடுவிலேயே எச்.ஐ.வி. மருந்து தொடங்கியவர்களிடையே இறப்பு பாதிக்கும் மேலாகக் குறைந்திருந்தது. காத்திருப்போர் பிரிவை 2008 செப்டம்பரில் நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் மருந்து தொடங்கினர். நடுவில் என்றால் எப்போது? அதற்கு விடை கம்போடியாவிலிருந்து வந்தது. அங்கே 661 பேர். அவர்களுடைய வெள்ளணு எண்ணிக்கையின் நடு அளவு வெறும் 25. காசநோய் மருந்து தொடங்கி இரண்டு வாரத்தில் எச்.ஐ.வி. மருந்து பெற்ற 332 பேரில் 59 பேர் இறந்தனர். எட்டு வாரம் காத்திருந்த 329 பேரில் இறந்தவர் 90. முந்தித் தொடங்கியவர்களுக்கு ஐரிஸ் வரும் வாய்ப்போ ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 2011இல் வெளியான இந்த முடிவை மெல்லப் படிக்க வேண்டும். அதிகம் துன்புற்ற பிரிவினரே அதிகம் பிழைத்தனர்.

அப்படியானால் எங்கும் விரைவே நன்று என்று முடிவு கட்டிவிடலாமா? உகாண்டாவும் தென்னாப்பிரிக்காவும் அதை மறுத்தன. கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல் எய்ட்ஸ் நோயாளிகளைக் கொல்லும் மற்றொரு கொடிய நோய். அந்நோயாளிகள் 177 பேரிடம் அதே கேள்வி கேட்கப்பட்டது: ஓரிரு வாரத்தில் தொடங்குவதா, ஐந்து வாரம் கழித்தா? இம்முறை விடை தலைகீழாக வந்தது. விரைந்து தொடங்கியவர்களில் ஆறு மாதத்துக்குள் 45 விழுக்காட்டினர் மாண்டனர். காத்திருந்தவர்களில் 30 விழுக்காட்டினர். விரைந்த பிரிவில் மரணங்கள் கூடுவதைக் கண்ட கண்காணிப்புக் குழுவின் அறிவுரைப்படி, 2012இல் புதியவர்களைச் சேர்ப்பது பாதியில் நிறுத்தப்பட்டது. ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கலாம். கழுத்து வீங்கினால் தோல் இடங்கொடுக்கும். மண்டையோடு இடங்கொடாது. அழற்சி ஒன்றாயினும், அது எழும் இடத்தைப் பொறுத்து வீக்கமாகவோ மரணமாகவோ முடிகிறது. காசநோய் மூளையைத் தாக்கும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும். இன்று உலக நலவாழ்வு நிறுவனம் காசநோயாளிகளுக்கு இரண்டு வாரத்துக்குள் எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கச் சொல்கிறது. மூளைச்சவ்வு தாக்கப்பட்டவர்களை அந்த விதியிலிருந்து விலக்குகிறது. கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சலுக்கு நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கச் சொல்கிறது. பிறர்பால் இரக்கம் கொண்டு விரைவதும், இரக்கம் கொண்டு காத்திருப்பதும் ஒரே நூலின் இரு பக்கங்களில் அச்சாகியுள்ளன.

வந்துவிட்ட ஐரிஸைத் தணிக்கும் வழியையும் கேப் டவுன் குழுவினரே சோதித்தனர். 110 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு நான்கு வாரம் பிரட்னிசோன் கொடுத்தபோது, அவர்கள் மருத்துவமனையில் கழிக்கும் நாள்கள் குறைந்தன. துன்பம் விரைவில் தணிந்தது. இது 2010இல். வருமுன் காக்க இயலுமா என்று 240 பேரிடம் பார்த்து 2018இல் வெளியிட்டனர். மருந்தில்லா மாத்திரை பெற்றவர்களில் 46.7 விழுக்காட்டினருக்கு ஐரிஸ் வந்தது; பிரட்னிசோன் பெற்றவர்களில் 32.5 விழுக்காட்டினருக்கு. தொழுநோய் இல்லத்து அருட்சகோதரி ஒருவரிடம் இதைக் கூறினால், "இதைத்தானே நாங்கள் அன்றே கொடுத்தோம்" என்பார். ஆயினும் மருத்துவத்தில் எண்ணிப் பார்த்து மெய்ப்பித்தாலன்றி எதுவும் மெய்யாகாது; அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன்.

எத்தனை பேருக்கு இது நேர்கிறது? பல நாடுகளின் 54 ஆய்வுகளை, 13,103 நோயாளிகளின் விவரங்களை, ஒன்றுசேர்த்துப் பார்த்த தொகுப்பொன்று 2010இல் வெளியாயிற்று. மருந்து தொடங்கியவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேருக்கு ஏதேனும் ஒரு வகை ஐரிஸ் நேர்ந்திருந்தது. காசநோய் ஐரிஸ் வந்தவர்களில் இறந்தோர் நூற்றுக்கு மூன்று பேர்; பூஞ்சை மூளைக்காய்ச்சலில் நூற்றுக்கு இருபதுக்கும் மேல். அதாவது, கழுத்தில் நெறி கட்டி, காய்ச்சலோடு வந்து, மருந்தை விடாமல் தொடர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தனர்.

இன்று கூட்டு மருந்து மையங்களில் புதியவர் ஒருவரை அமர்த்தி ஆலோசகர் பேசும்போது, மாத்திரை உண்ணும் நேரத்தோடு இதையும் சேர்த்துச் சொல்கிறார்கள்: முதல் மூன்று மாதத்தில் காய்ச்சலோ, கட்டியோ, மூச்சுத் திணறலோ, தாங்காத தலைவலியோ வந்தால் உடனே இங்கே வாருங்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரண்டு நிமிடப் பேச்சு. கூட்டம் மிகுந்த நாள்களில் இந்த இரண்டு நிமிடமே முதலில் விடுபட்டுப் போகிறது என்று ஆலோசகர் ஒருவர் என்னிடம் வருந்தினார். அவ்வாறு விடுபட்டவர்கள் வீட்டுக்குச் சென்றபின் யாரிடம் கேட்பார்கள்? மனைவியிடம், அண்டை வீட்டாரிடம், சந்திக்க வரும் சாமியாரிடம்.

தையற்காரர் நான் சொன்னபடி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஏற்கெனவே பலமுறை அலைந்து கூலி இழந்தவர் அவர். எச்.ஐ.வி. மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டார். நிறுத்திய சில நாள்களில் காய்ச்சல் இறங்கி, கழுத்து வீக்கமும் வற்றியது. தம் முடிவு சரியே என்று அவருக்கு அது உறுதிப்படுத்திவிட்டது. எனக்கும் அப்படியே தோன்றியது, அடுத்த முறை சென்றபோது, "இப்போது தேவலையா?" என்று மகிழ்ந்து கேட்டேன். "தேவலை சாமி" என்றார். அப்போது அவர் முதல் நற்கருணைக்கான ஒரு சிறுமியின் வெள்ளை ஆடைக்குக் கரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். ஏழு மாதம் கழித்து அவரை அடக்கம் செய்தோம். வீட்டைத் துப்புரவு செய்தபோது, நூற்கண்டுப் பெட்டிக்குள் மாத்திரைப் புட்டி கிடைத்தது என்று அவர் மனைவி கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். பாதிக்குச் சற்றுக் குறைவாக மாத்திரைகள் மீதம் இருந்தன.